பதினேழாம் குப்பி

வொல்கிட்டே வரைக்கும்
என் பக்கத்து இருக்கை காலி.
மடியில் பனிக்கட்டிப் பெட்டி,
உள்ளே பதினேழு குப்பிகள்,
கடைசிக் குப்பியின் மூடி சரியாக இறுகவில்லை.
நடத்துனர் மூக்கைச் சுளித்தார்.
"யார் வீட்டுக் கோச்சோ?" என்றார்.
இரண்டு நிறுத்தம் தாண்டி
தனக்கும் பசிக்கிறது என்றார்.

காலையில் ஷம்சியாவின் தோட்டத்தில்
என்செட் மரங்கள் கூரைக்கு மேல் நின்றன.
பார்வைக்கு வாழை.
குலை தள்ளும், பழம் உதவாது.
தின்பது பட்டையையும் கிழங்கையும்தான்.
ஆறேழு வருடம் சாணம் போட்டு வளர்த்து
மூங்கில் தகட்டால் வழித்தெடுத்து
இலை விரித்த குழியில் மிதித்து
கல் ஏற்றி
மறந்துவிட வேண்டும்.
பாதிச் சமையல் அந்த மறதிதான்.

ஆனால் அவள் என்னை அழைத்துப்போனது
வேலியோரத்துக்கு.
நடுக்குருத்து மஞ்சளாகி
முறிந்த கைபோல் தொங்கியது ஒரு மரம்.
குறுக்கே வெட்டினாள்.
பத்து நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு வெட்டுவாயில் மஞ்சள் துளிகள்,
காய்ச்சல் விடுகிறவன் நெற்றியில் வருமே, அதுபோல.

"நூரியாவின் கத்தி.
நோன்புக்கு முன்னால் இரவல் வாங்கினேன்.
அவள் தோட்டத்தில் அப்போதே வாடல் இருந்திருக்கிறது,
அவளுக்கே தெரியாது.
தெரிந்துதான் கொடுத்தாள் என்கிறார் இவர்.
மூன்று மாதமாக
அந்த வீட்டுக் காப்பிக்குப் போவதில்லை."

நான் ஆய்வகக்காரி,
வழக்குத் தீர்க்க வந்தவளில்லை.
பஞ்சுக் குச்சியால் துளியைத் தொட்டு மூடினேன்.
எண் பதினாறு.

அதற்குப் பிறகுதான் குழி.
கல்லை உருட்டி, கறுத்த இலைகளை
ஒவ்வொன்றாய் விலக்கினாள்.
புளித்த மாவும் மழை மண்ணும்
மூடிவைத்த பாலாடையும் ஒன்றாக எழுந்து
முகத்தில் மோதின.
"இதிலும் உயிர் இருக்கிறது என்கிறீர்களே,
கொண்டுபோ.
அதற்கும் இதற்கும் உறவா,
பார்த்துச் சொல்."

சாயம் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன்.
பதினாறில் ரோஜா நிறக் குச்சிகள்.
பதினேழில் ஊதா நிறக் குச்சிகள்.
நிறம் நாங்கள் பூசியது.
பூசாவிட்டால் இரண்டும்
யாரோ பென்சிலைச் சோதித்துப் பார்த்த கீறல்கள்.
இரண்டுக்கும் பசி ஒன்றுதான், சர்க்கரை.
முதலாவது
நிற்கிற மரத்தின் நரம்புக்குள் புகுந்து குடிக்கிறது.
மற்றது
வெட்டி மிதித்த பிறகு வருகிறது,
தின்ற இடத்தில் புளிப்பை விட்டுப்போகிறது.
அந்தப் புளிப்பில் அழுகல் கால் வைக்காது.

போன வருடம் எனக்கு டைஃபாய்டு.
பத்து நாள் மாத்திரை.
காய்ச்சல் ஓடியது,
குடலில் வாடகையில்லாமல் குடியிருந்தவர்களும்
கூடவே காலிசெய்துவிட்டார்கள்.
தண்ணீர்கூடத் தங்கவில்லை.
அறைத்தோழி ஹிருத் தினமும் ஒரு குவளை எர்கோ வைத்தாள்,
உறையூற்றாமல் தானே உறைந்த பால்.
தேறினேன்.
அதனால்தானா, தெரியாது.
சான்று கேட்கும் தொழிலில் இருக்கிறேன்,
குவளையைக் கழுவிவைக்கும்போது மட்டும்
கேட்பதில்லை.

ஷம்சியாவுக்குத் தொலைபேசினேன்.
உறவில்லை என்றேன்.
நோய் மரத்தை வேரோடு தோண்டுங்கள்,
தூரமாய்ப் புதையுங்கள்,
ஒவ்வொரு மரத்துக்குப் பிறகும்
கத்தியைத் தீயில் காட்டுங்கள் என்றேன்.

"அதையும் புதைக்கணும், இதையும் புதைக்கணும்"
என்று சிரித்தாள்.
"மண்வெட்டி ஒன்றுதானே இருக்கிறது."
மண்வெட்டியையும் தீயில் காட்டுங்கள்.
"குழியை?"
குழியைத் தொடாதீர்கள்.

நேற்று அவளே கூப்பிட்டாள்.
பதினொரு மரம் போயிற்றாம்.
நூரியா வந்திருந்தாளாம்,
இரண்டு கத்திகளையும் ஒரே அடுப்பில் வைத்தார்களாம்.
இவர்? என்று கேட்டேன்.

"இன்னும் புளிக்கவில்லை" என்றாள்.
"கல் ஏற்றி வைத்திருக்கிறேன்."