வெளிச்சம் விழும் பக்கம்

புக்கிட் லாலாங்கில் எல்லாரும் அவரை மேயர் என்பார்கள்.
மாநகர் ஆகாத ஊருக்கு மேயர் கிடையாது;
கதவில் எழுதியிருப்பது நகராண்மைக் கழகத் தலைவர்.
ஆறு வருடம் திருத்திப் பார்த்தேன்.
பிறகு டாக்சிக்காரரிடம் நானும்
‘மேயர் ஆபிஸ்’ என்றே சொல்லி ஏறினேன்.

மூன்றாம் முகப்பு என்னுடையது.
குப்பை என்றால் நாங்கள்.
கால்வாய், அது எங்கள் கால்வாயாக இருந்தால், நாங்கள்.
பெரிய ரோட்டுக் குழிக்குப் பொதுப்பணி இலாகா,
குழாய் வறண்டால் தண்ணீர்க் கம்பெனி.
நாய் எங்களுக்கு, குரங்கு வனவிலங்குக்காரர்களுக்கு.
நாயைத் துரத்தும் குரங்கைப் பற்றி
ஒருமுறை மனு வந்தது.
மேலே அனுப்பினேன். இன்னும் மேலேயே இருக்கிறது.

தோட்டம் என்றால் யாருமில்லை. தனியார் நிலம்.
வரைபடத்தில் எங்கள் பச்சைக் கோடு
பாலம் தாண்டி, கள்ளுக்கடை இருந்த மேடு தாண்டி
முருகன் கோயிலுக்குள் புகுந்து நின்றுவிடும்.
சாமி எங்கள் எல்லையில்.
மடைப்பள்ளி கம்பெனி எல்லையில்.

பிப்ரவரியில் மரியபுஷ்பம் வந்தாள்.
செம்பனைத் தோட்டத்தில் உதிரி பொறுக்குகிறவள்.
“அஞ்சே காலுக்குப் பெரட்டு.
கோயில் திருப்பத்துல ஒரு லைட்டு வேணும்.”
கையில் மாவுக்கட்டு.
எப்படி என்று பாரத்தில் கேள்வி இல்லை,
அதனால் நானும் கேட்கவில்லை.
அவளே சொன்னாள்: “காட்டுப்பன்னி.
இருட்டுல அதுவும் பயந்திருக்கும்.”

விலாசம்: நான்காம் லயம், கதவு பதினொன்று.
வீட்டு வரி எண்: இல்லை.
அந்தக் கட்டம் காலியாக இருந்தால்
கணினி அடுத்த பக்கத்துக்கு நகராது.
என் வீட்டு எண்ணைப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் மேலே கூப்பிட்டார்கள்.
தலைவர் ருஸ்லி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு,
“நவமணி, தாமான் மெலாத்தியில்
எப்போதிலிருந்து காட்டுப்பன்றி?” என்றார்.
தரையைப் பார்த்தேன். கம்பளத்தில் காப்பிக் கறை.
அது எந்தப் பிரிவின் பொறுப்பு என்று யோசித்தேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
“பஸ் நிலையத்தில் நீரூற்று வைக்க
நான் கையெழுத்துப் போடலாம். பணமே வந்துவிட்டது.
அந்தத் திருப்பத்தில் ஒரு பல்பு மாட்ட
எனக்கு அதிகாரம் இல்லை” என்று சொல்லி
வரைபடத்தை விரித்து
கோயிலின் மேல் விரலை வைத்தார்.
விரல் கோட்டின் இரண்டு பக்கமும் இருந்தது.

மற்றது அவர் டிரைவர் சொன்னது.
விடியுமுன் கோயில் பின்சுவரருகே போயிருக்கிறார்கள்.
அளவு நாடாவின் ஒரு முனை டிரைவரிடம்,
மறுமுனை தலைவரிடம், கால்சட்டையெல்லாம் ஒட்டுப்புல்.
வங்காளதேசத்துப் பையன்கள் கைபேசியை நீட்டி
அந்த வெளிச்சத்தின் பின்னால்
ஒருவர் காலை ஒருவர் மிதித்துப் போனார்களாம்.
மரியபுஷ்பம் நின்று கேட்டாளாம்:
“நெலத்த விக்கப் போறாங்களா?”

ஏப்ரலில் கம்பம் நட்டார்கள்.
எங்கள் மண்ணில்தான்; கோட்டுக்கு இரண்டடி உள்ளே.
கை மட்டும் வழக்கத்தைவிட நீளம்,
பந்தியில் பக்கத்து இலைக்குப்
பாயசம் நகர்த்துகிற கைபோல.
கம்பம் எங்கே நிற்கலாம் என்று துணைச்சட்டம் சொல்கிறது.
ஒளி எங்கே விழலாம் என்று சொல்லவில்லை.
இரண்டு நாள் உட்கார்ந்து தேடியவள் நான்.

நீரூற்றும் வந்தது.
தண்ணீர் வெட்டுள்ள நாளில்
அதன் விளிம்பில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து
நாசி லெமாக் பொட்டலம் பிரிக்கிறார்கள்.
குப்பை எங்களுக்கு.

ஜூலையில் தோட்ட மேனேஜரின் கடிதம்:
‘தங்கள் வெளிச்சம் எங்கள் நிலத்தினுள்
பதினான்கு அடி நுழைந்துள்ளது.’
நகல்: தலைவர், சட்டப் பிரிவு, முகப்பு மூன்று.

பதிவு செய்ய உட்கார்ந்தேன்.
என்ன வகை என்று கணினி கேட்டது.
குப்பை, கால்வாய், நாய், மரம், பிற.
பிற என்று அழுத்தினேன்.
வீட்டு வரி எண் என்றது.
மேனேஜர் பங்களாவும் கோட்டுக்கு வெளியேதான்.
பக்கம் நகரவில்லை.
இந்த முறை என் எண்ணைத் தரவில்லை.