லெப்டினன்ட் கிட்சனின் ஏலப் பட்டியல்

கோத்தகிரி, ஆடிச் சாரல்.
பங்களாக் கதவு ஊறிப்போய் மூட மறுக்கிறது.
பட்லர் ஞானாதிக்கம் ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்ட
நான் எழுதுகிறேன்.

சிவப்புக் கோட்டு ஒன்று, பூச்சி அரித்தது.
பொத்தான் ஒன்பது. ஒவ்வொன்றிலும் நங்கூரம்.
“துரை மாலுமியா?”
“இல்லை, கப்பலில் நின்ற சிப்பாய்.
மாலுமிகள் அவரைப் பட்டாளத்தான் என்றார்களாம்,
பட்டாளத்தார் உப்புக்கண்டம் என்றார்களாம்.”
மதிப்பு எட்டணா.

தொலைநோக்கி. கண்ணாடியில் விரிசல்.
கால் காயத்துக்கு மலைக்காற்று என்று வந்தவர்
அரைச் சம்பளத்தில் தங்கிவிட்டார்.
மேட்டுப்பாளையம் பக்கம் பள்ளத்தில்
மஞ்சு நிரம்பி நிற்கும் காலைகளில்
நாற்காலி போட்டுப் பார்ப்பாராம்.
கப்பல் எதுவும் தென்படவில்லை என்று
தினமும் நோட்டில் எழுதுவாராம்.
நோட்டு பதினொன்று. அடுப்பெரிக்க ஆகும்.

பிறகு அந்தப் புத்தகம்.
அதிகாரிகளின் வரிசை, அச்சிட்டது, பழுத்த தாள்.
தரைப்படையில் பதவியைக் காசுக்கு வாங்கலாம்;
இவர் படையில் விற்பனை கிடையாது.
மேலே இருப்பவன் சாகவேண்டும்,
அல்லது சலித்துப் போகவேண்டும்.
இருபத்தாறு வருஷம் லெப்டினன்ட்.
அவர் பெயருக்கு மேலே நாற்பத்திரண்டு பெயர்கள்.
சிவப்பு மையில் கோடு, ஓரத்தில் பொடியெழுத்து:
காண்டன் ஆற்றில் குண்டு.
மால்டாவில் காய்ச்சல்.
மாமனார் சொத்து வந்தது, விலகினான்.
ஒருவனுக்கு மட்டும்,
நல்லவன், என் பூட்ஸை இரவல் வாங்கியவன்.
அந்தக் கோடு நடுங்கியிருக்கிறது.

அடிபடாமல் மிஞ்சியவை இரண்டு.

குன்னூரிலிருந்து தபால் ஏறி வரும் நாளில்
வாசலுக்கு வரமாட்டாராம்.
உள்ளறையில் சவரம் செய்துகொண்டிருப்பாராம்,
சாவுச் செய்தியைத்
தாடியோடு வாங்கக் கூடாதென்று.

அவருக்குக் கீழேயும் பெயர்கள் இருந்தன.
எந்தத் துறைமுகத்திலோ எவனோ ஒருவன்
பேனாவை மையில் தொட்டுக்கொண்டு
கிட்சன் என்ற பெயரைத் தேடுவான் இனி.
ஓரத்தில் என்ன எழுதுவான்?
நீலகிரி. வயிற்றுக்கடுப்பு.
வேறொன்றும் அவனுக்குத் தெரியாது.

கூட்டிப் பார்த்தேன்.
அறுபத்து மூன்று ரூபாய், ஏழணா.
அடுத்த அறையில் முத்திரை அரக்கை உருக்கியபடி
ஹெட்கிளார்க் பீம ராவ் இருமினார்.
மழை பிடித்த நாளிலிருந்தே அந்த இருமல்.
அவருக்கும் எனக்கும் நடுவில்
தைரியநாதன் ஒருவன்தான்.
அவனுக்கும் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது.

சிவப்பு மைக்கூடு ஒன்று, பாதி நிறைந்தது.
பட்டியலில் அதை நான் எழுதவில்லை.