சுத்தியலுக்கு ஒரு கேட்பாஸ்

ஊத்தான் மெலிந்தாங்கில் மழைக்காலம் என்று தனியாக இல்லை.
பெய்யாத நாளிலும் காற்றைப் பிழியலாம்.
தோட்டத்துத் தேங்காய் பாலாகி, பால் பொடியாகி
மூன்றாம் மாடித் தொட்டியில் வந்து விழும்போது
பொடிக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும்:
ஈரம், கொழுப்பு, ஒட்டிக்கொள்ளும் ஆசை.

கூம்பின் வாயருகே மணியும் மணியும் தோள்கோத்துப்
பாலம் கட்டிக்கொள்ளும்.
மேலே நானூறு கிலோ.
கீழே காலிப் பை, வாயைப் பிளந்தபடி.

ஷஃபிகுல் அடிப்பான்.
ரப்பர் சுத்தியல், ஷிப்டுக்கு இருநூறு அடி.
தொட்டியின் வயிறெங்கும் அம்மைத் தழும்பு.
தழும்புக் குழியில் பொடி இன்னும் வசதியாகத் தங்கும்.
அடித்ததால் அடைத்தது, அடைத்ததால் அடித்தான்.

நான் ஆய்வக மேசையில் ஒரு கரண்டி கொட்டி
மகளின் பாகைமானியால் குவியலை அளந்தேன்.
ஐம்பத்திரண்டு.
வீம்பாக நின்றது.

பிறகு அந்தப் பை வந்தது.
ஆள் உயரம்; தூக்கினால் பத்தே கிலோ.
உள்ளே சிலிக்கா, புகையை மடித்து வைத்ததுபோல.
தலைமுடியின் அகலத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு, ஒரு துகள்.

முதல் நாள் பேராசை. நூற்றுக்கு இரண்டு போட்டேன்.
வால்வு திறந்ததும் தையல் மெஷினைத் தாண்டி,
படியில் இறங்கி,
மேனேஜர் அப்பளசாமியின் பூட்ஸை மூடிவிட்டுத்தான் நின்றது.
"பவளம், பொடிதானே கேட்டேன்? சுங்கையா கேட்டேன்?"

மறுநாள் அரை.
கொழுப்பு மணிகளின் தோலில் தூசு போய் உட்கார்ந்தது.
ஒன்றையொன்று தொடப் போனவை தூசைத்தான் தொட்டன.
அந்த இடைவெளிக்கே இழுவிசை கைவிட்டது.
பாகைமானியில் முப்பத்தாறு.

இரவு ஷிப்டில் சத்தமில்லாதது எல்லாருக்கும் ஒரு மாதிரி இருந்தது.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சன்னாசி
மெஷின் படுத்துவிட்டதோ என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்தார்.
ஷஃபிகுலைப் பை தைக்க மாற்றினார்கள்.
நடுநடுவே தொட்டியடிக்குப் போவான்,
விரல் முட்டியால் ஒரு தட்டு.
சும்மா.

பெர்மிட் முடிகிற வாரம் வந்து நின்றான்.
"அக்கா, அந்தச் சுத்தியல்... நான் கொண்டு போகவா?"

கேட்பாஸ் எழுதினேன்.
பொருள்: ரப்பர் சுத்தியல்.
எண்ணிக்கை: ஒன்று.
நிலை: தேய்ந்தது.
காரணம்:

பேனா அங்கேயே நின்றது.
மேலே, பொடி நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது.