பேருக்கு ஒரு பேர்

உலான்பத்தாரில் மைனஸ் முப்பத்தொன்று.
ஒன்பதாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே
நிலக்கரிப் புகை, நகரத்தின் மேல் இன்னொரு நகரமாக.
புல்லின் மேல் பனி இறுகி, ஆடுகள்
நின்றபடியே சாகும் பருவத்தை
ஜுட் என்போம். அந்த வருடம் ஜுட்.
மேய்ப்பர்களின் நிவாரணப் பட்டியல்
மாவட்டம் மாவட்டமாக வந்து இறங்கியது.
பெயர்க் கட்டம் பல இடங்களில் காலி.

காலி என்று சொல்லிவிட்டேன், அதிலும் ரகம் உண்டு.
யாரும் கேட்கவே கேட்காத பெயர் ஒன்று.
கேட்டும், பதிலுக்கு ஒன்றும் எழுதாத பெயர் ஒன்று.
ஸ்பேஸ் பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு
தேநீருக்குப் போனவன் விட்டுச்சென்ற
ஓரெழுத்து அகல வெளி இன்னொன்று;
கண்ணுக்குத் தெரியாது, எண்ணச் சொன்னால்
ஒன்று என்று கணக்குக் காட்டும்.
இன்மை வேறு. வெறுமை வேறு.
இயந்திரத்துக்கு அது தெரியும்.
எனக்கோ அப்போது இரவு மணி இரண்டு.

மூன்றையும் ஒரே வரியில் அள்ளினேன்:
ஓரத்து வெளியை வெட்டு,
ஒன்றும் மிஞ்சாவிட்டால் இதைப் போடு.
எதை?
பாட்பயார் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னான்,
"நெர்குய்."
எங்கள் மொழியில் 'பேர் இல்லை' என்று பொருள்.
பேருக்கு ஒரு பேர். போட்டேன்.
சிவப்பாகக் கத்திக்கொண்டிருந்த திரை பச்சையானது.
வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

மார்ச்சில் பணம் போனது.
அனுப்பும் நிரலை எழுதியவள் ஹாலியுன்.
என்னைவிடக் கவனமானவள்.
ஊர் பேர் தெரியாதவருக்கு எப்படித் தருவது?
நெர்குய் என்றிருந்தால் தள்ளிவிடு என்று எழுதினாள்.
ஆறாயிரத்துச் சொச்சம் வரிகளை
அது சத்தமில்லாமல் தள்ளியது.

ஏப்ரலில் ஓர் அழைப்பு. ஸாவ்கான் பக்கம்.
சிக்னலுக்காகக் குன்றேறி நிற்கிறாளாம்,
காற்று அவள் குரலைத் துண்டு துண்டாகத் தந்தது.
"பேர் சொல்லுங்கள்."
"நெர்குய்."
"அது இல்லை, உங்கள் பேர்."
"அதுதான் என் பேர்."

எனக்கு உடனே எதுவும் சொல்ல வரவில்லை.

"எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை.
நாலாவதைத் தேடி வரும் பேய்
பேரைக் கேட்டு ஏமாந்து போகட்டும் என்று வைத்தார்கள்.
பேய் ஏமாந்தது. எனக்கு முப்பத்திரண்டு வயசு.
இருநூற்றெழுபது ஆடு போச்சு.
நீங்கள் எதற்கு ஏமாந்தீர்கள்?"

தெரியாத வழக்கமா இது?
என் வகுப்பிலேயே ஒரு நெர்குய் இருந்தான்.
ஒரு எனெபிஷ், அதாவது 'இது அல்ல'.
இருவரோடும் பந்து விளையாடி
முட்டி பெயர்ந்திருக்கிறேன்.
கீபோர்டின் முன் உட்கார்ந்தபோது
அவர்களும் காலியாகிவிட்டார்கள்.

அன்று தேடத் தொடங்கினேன்.
இல்லாத ஆறாயிரம் பேருக்கு நடுவே
இருப்பவர்கள் எத்தனை பேர்?
அதே எழுத்து, அதே நீளம்.
என் ஒற்றை வரி இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தது,
பிரிக்கலாம் என்றால் தையலே தெரியவில்லை.
மாவட்ட அலுவலகங்களில் மூலத் தாள்களைப் புரட்டச் சொன்னோம்.
பதினொரு நாள். எத்தனையோ வசவு.
நூற்றுப் பதினாலு பேர்.
அதில் ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டு
மிச்ச மந்தையை விற்று, நகரத்தில்
காவல் வேலைக்கு வந்துவிட்டிருந்தார்.
எங்கள் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி.

இப்போது அந்த வரி இல்லை.
கேட்கப்படாதது கேட்கப்படாததாகவே கிடக்கிறது.
பார்ப்பவருக்காகத் திரையில் மட்டும்
சாம்பல் நிறத்தில் ஒரு சிறு கோடு,
தரவுக்குள் இறங்காத கோடு.
அசிங்கமாக இருக்கிறது என்கிறான் பாட்பயார்.
இருக்கட்டும்.

மே மாதம் அவளுக்குப் பணம் சேர்ந்தது.
வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப்
படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள்.
'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே' என்று தொடங்கியது.
கீழே கேட்டிருந்தாள்:
இது எந்தப் பேய்க்கு?