இடமிருந்து வலம்

பகாவ் டவுனில், டயர் கடைக்கு மேல்மாடி.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் இழுக்கும்போதெல்லாம்
என் மேசை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும்.
மழைக்கு முன்னால்
செம்பனை ஆலையின் புளித்த வாடை படியேறி வரும்.
அன்று அதற்குப் பின்னால் ராயப்பன் வந்தார்.

ஹெட்போனையும் பென்டிரைவையும் மேசையில் வைத்தார்.
"பாட்டு வருது.
பாடுற பொம்பளதான் வரல."

மூன்று வாரமாக நான் வேறொரு வழக்கில் இருந்தேன்.
நானே கட்டிய ஆம்ப்ளிஃபையர்.
இடப்பக்கத்து மிருதங்கம்
வலப்பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது,
அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி,
சொல் புரியாமல் சூடு மட்டும்.
குற்றவாளி ஒரு கம்பி.
இரண்டு காதுக்கும் போன மின்சாரம்
வீடு திரும்ப ஒரே ஒற்றையடிப் பாதை;
இவன் நடந்தால் அவன் வாசல் அதிரும்.
அறுத்தேன். ஆளுக்கொரு பாதை போட்டேன்.
இடதில் மட்டும் பாட்டை விட்டு
வலதில் காதை வைத்தேன்.
ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைக் கொண்டாட
இரண்டு ரொட்டி சானாய் கூடுதலாகத் தின்றேன்.

அந்தப் பெட்டியில்தான் அவர் பாட்டைப் போட்டேன்.
இரட்டைத் தடம் வந்த புதிதில் எடுத்த பதிவு.
யாரோ ஒரு ஆர்வக்கோளாறு
குரலை முழுக்க இடதில் நிறுத்தி
வயலின்களை முழுக்க வலதில் உட்காரவைத்திருந்தது,
கல்யாண மண்டபத்தில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு போல.
எனக்கு அவள் பாடினாள்.

"எந்தக் காதுண்ணே?"
இடது என்றார்.
பதினெட்டு வருஷம் பாய்லர் அந்தப் பக்கம்.
நீராவியைத் திறந்துவிட்டால் வானம் கிழியுமாம்.
காதடைப்பான் கொடுத்தார்களாம்,
போட்டால் மண்டோர் கூப்பிடுவது கேட்காது,
அதனால் யாரும் போடவில்லை.

இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் தீர்ந்தது,
ஐந்து நிமிட வேலை. கலந்து காட்டினேன்.
முகம் சுளித்தார்.
"இது ரோஜாக்குமா.
அவ அந்தப் பக்கம் இருந்தவ.
அந்தப் பக்கத்திலேர்ந்தே வரட்டும்."

ஆக, மூன்று வாரம் அடைத்ததை
நானே திறக்க உட்கார்ந்தேன்.
கசிவுக்குக் கணக்குக் கிடையாது.
வாய்க்காலுக்கு உண்டு.
இடது ஒலி ஒரு தலையைச் சுற்றி நடந்து
வலக்காதை அடைந்தால்
எவ்வளவு இளைத்திருக்கும், எவ்வளவு பிந்தியிருக்கும்?
வினாடியை ஆயிரமாக நறுக்கி
அதில் ஒரு துண்டில் கால்பங்கு, சொச்சம்.
நெற்றியின் அகலத்துக்கு அவ்வளவுதான் காலம்.
ஒரு தடை, ஒரு மின்தேக்கி, எதிர்ப்பக்கமும் அதே போல.

முதல் முறை 'ச' வரவில்லை.
சந்திரன் அந்திரனாகத் தேய்ந்து வந்தது.
கூர்மையான ஒலிகள் மீது தலை நிழல் விழும்,
விழ வேண்டும், கணக்கு அப்படித்தான்.
ஆனால் கணக்குக்கு இரண்டு காது.
மின்தேக்கியை மாற்றி நிழலைக் கொஞ்சம் சுருக்கினேன்.

ராயப்பன் கண்ணை மூடவில்லை.
என் மேசை விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
விசிறி இடதுபுறம் திரும்பியது.
அவரும் திரும்பினார்.
"வந்துட்டா," என்றார்.
"சொவத்துக்கு அந்தாண்ட நின்னு பாடுறா."

தொண்ணூறு ரிங்கிட்டில் அறுபது கொடுத்தார்.
மீதி சம்பளத்துக்கு.
படியில் கால் வைத்தவர் நின்று
"இத வீட்டுக்கும் போட முடியுமா?" என்றார்,
இடது தோளைத் தொட்டுக்கொண்டு.
"சம்சாரம் இந்தப் பக்கம்தான் படுக்குது."
தலையணையை மாற்றிப் போடுங்கள் என்பது
வாய் வரைக்கும் வந்தது.
இருபது வருஷத் தலையணை.
நான் சோல்டரைச் சுருட்டினேன்.

கீழே மோட்டார் சைக்கிள் அருகே
ஹெல்மெட்டைக் கழற்றாமல் அந்த அம்மா.
ஏதோ கேட்டது, அவருடைய இடப்பக்கமாக.
அவர் உடம்பு மொத்தத்தையும் திருப்பி
வலக்காதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.
திரும்பக் கேட்டிருக்கும்.
கேட்டதா என்று எனக்குத் தெரியாது.
டயர்க்காரன் இயந்திரத்தைப் போட்டான்,
என் விளக்கு மங்கியது.