பின்னச்சு

மழை விட்ட ஒன்பது மணிக்கு
வைரக்கண்ணுவின் வண்டியைக்
கயிறு கட்டி இழுத்து வந்தான் ஹைருல்.
தோட்டத்துக் கிளப்பில் ஏலம் போன கோல்ஃப் வண்டி.
பக்கத்தில் எழுதிய பதினேழில் ஒன்று உரிந்து
ஏழு மட்டும் மிச்சம்.

"மிதிச்சா உறுமுது. உறுமிட்டு நின்ன இடத்துலயே நிக்குது"
என்றார், இறங்காமலே.
இறங்க அவருக்கு நேரம் பிடிக்கும்.
இடது காலை முட்டிக்குக் கீழே
போன தீபாவளிக்கு முன்
சிரம்பான் ஆஸ்பத்திரியில்
இனிப்புநீர் வாங்கிக்கொண்டது.

முதலில் பேட்டரியின் கறுப்பு வயர்.
அதை மறந்த ஒரு நாளில்
ஸ்பேனர் பழுத்து ஒட்டிக்கொண்டது;
தழும்பு என் மணிக்கட்டில் இருக்கிறது.
பிறகு முன்சக்கரத்துக்குச் செங்கல்,
பின்னால் ஜாக்கி,
முட்டுக்குப் பழைய ரயில் கட்டை இரண்டு.

சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.
ஈர மணலை யாரோ மெல்லுகிற சத்தம்.
பிரேக் தொட்டியைக் கழற்றி
வளையப் பூட்டை நெம்பி
அச்சுத்தண்டை உருவியபோது
வெல்லப்பாகாய்க் கறுத்த எண்ணெய்
முழங்கை வரை வழிந்தது.
பேரிங்கின் குண்டுகளில் இரண்டைக் காணோம்.
தேடவே வேண்டியதில்லை,
அரைபட்டு எண்ணெயிலேயே மினுங்கின.
விரலில் தேய்த்தால் ஜிகினா.

நாலு போல்ட் கழற்றி
மோட்டாரை மடியில் வாங்கினேன்.
அரிசி மூட்டைக் கனம்.
அதன் பக்கத்துப் பல் தப்பித்திருந்தது.
எதிரே கியர்ப்பெட்டியின் தண்டுதான்
வழவழவென்று பொக்கை வாய்;
அடியில் துருப்பொடி
சிந்திய குங்குமம் போல.
இத்தனை நாளும் மோட்டார்
சுற்றத்தான் சுற்றியிருக்கிறது,
கவ்விக்கொள்ள ஒன்றும் இல்லாமல்.

வைரக்கண்ணு பெஞ்சில் உட்கார்ந்து
யாப் கடையிலிருந்து வந்த புதுத் தண்டின்
பற்களைத் தடவித் தடவி எண்ணினார்.
பத்தொன்பது.
"எவ்வளவும்மா?"
"நூத்தி எண்பது வெள்ளி."
"பரவால்ல. இதுக்காவது கடையில கிடைக்குது."
காலைப் பார்க்காமல்தான் சொன்னார்.
ஹைருலுக்குத் தமிழ் புரியும்.
ஏற்கெனவே எண்ணிவைத்த நட்டுகளை
மறுபடி எண்ண ஆரம்பித்தான்.

கார்பன் இரண்டும் சிகரெட் அடிக்கட்டை அளவு.
செம்புப் பட்டைகளின் கரியை
உப்புத்தாளில் துடைத்தேன்.
பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே
உடைந்த ரம்பத் தகட்டை விட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோடாக.
இடையில் மின்சாரம் போய், வந்தது.
சாப்பாடு ஆறிப்போனது.

எல்லாம் ஏற்றி முடித்தபோது மணி மூன்றரை.
மோட்டாருக்கு வயர் நான்கு.
மேலே எழுதிய மை எண்ணெயில் கரைந்திருக்க,
ஞாபகத்தை நம்பி மாட்டினேன்.
அவர் ஏறி, நெம்பியை முன்னால் தள்ளி,
இருக்கிற காலால் மிதித்தார்.

வண்டி பின்னால் போனது.

உறுமல் இல்லை, உதறல் இல்லை.
சாக்கடைப் பாலத்தைத் தாண்டி
நேராகச் சடக்கில் இறங்கியது.
செம்பனைக் குலை லோரி ஹாரன் அடித்து ஒதுங்கியது.
"வயர் மாறிப்போச்சு! ரெண்டே நிமிஷம்!"
என்று கத்திக்கொண்டே ஓடினேன்.
"இருக்கட்டும்லா! ரயில் கேட்டு வரைக்கும்!"

போகிறவர்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்.
இவர் முகத்தைக் காட்டியபடியே
சின்னதாகிக்கொண்டு போனார்,
தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்த்து,
பார்க்காத நேரமெல்லாம் எங்களைப் பார்த்துச் சிரித்து.

திரும்பி வர
நெம்பியைப் பின்னால் இழுத்தாக வேண்டும்.
இழுத்தால் பின்னோக்கு மணி அடிக்கும்.
ஆகவே பகாவ் சடக்கில்
முன்னால் வருகிற வண்டி ஒன்று
பின்னால் வருவதாக அலறிக்கொண்டே வந்தது.
மீன் கடை நாய்கள் இரண்டும் குழம்பி
எதிரெதிர் பக்கம் ஓடின.

எஸ் ஒன்று, எஸ் இரண்டு.
இரண்டு வயரை இடம் மாற்றினேன்.
பேரிங், சீல், தண்டு, கார்பன், எண்ணெய், கூலி:
முந்நூற்று எழுபது.
நூறு கொடுத்தார்,
நலத்துறைக் காசு வந்ததும் மிச்சம்.
வயர் மாற்றியதை பில்லில் எழுதவில்லை.

சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும்
ராத்திரி சோறு பிசையும்போது
நகக்கண்ணில் ஜிகினா.