மூடியுள்ள குப்பி

களியக்காவிளையில் பிறந்தவனுக்கு
விலை என்பது பொருள் நிற்கும் இடம்தான்.
ரேஷன் அரிசி செக்போஸ்ட் தாண்டி
இஞ்சிவிளைக்குப் போனால் வேறு அரிசி.
கோழியும் டீசலும் அப்படியே.
பதின்மூன்று வயதில் சைக்கிள் கேரியரில்
நானும் அரைச் சாக்கு கடத்தியிருக்கிறேன்,
ஓய்வுநாள் பள்ளி வசனத்தை முணுமுணுத்தபடி.

அந்த நான்தான் நாலு வருடம்
மலாவியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின்
மருந்துச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"அங்க மாசம் எவ்வளவு குடுப்பினும்?"
மச்சினன் டென்னிசன் கேட்டான்.
சொன்னேன்.
அதன்பின் வெகுநேரம் சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் வாரம் ஷைலா பாய்
கட்டிலுக்கடியில் பெருக்கப்போய்
அறுபத்து மூன்று குப்பிகளை இழுத்துப் போட்டாள்.
இருமல் டானிக், நல்லெண்ணெய்,
கல்யாண வீட்டுத் தண்ணீர் பாட்டில்,
ஒன்று டாஸ்மாக் பின்புறம் பொறுக்கியது
(அதை மட்டும் முகர்ந்து பார்த்தாள்).
எல்லாம் கழுவியவை. எல்லாம் மூடியோடு.

அங்கே மருந்து இலவசம்,
குப்பி அவரவருடையது.
பெரிய டப்பாவிலிருந்து அளந்து ஊற்றுவோம்.
மூடியுள்ள குப்பி இல்லையென்றால் சிரப் இல்லை.
சன்னலுக்கு மேல் நானே எழுதி ஒட்டினேன்.
நாம் குப்பி என்பதை அவர்கள் பொத்தொலோ என்பார்கள்.
சந்தையில் ஒன்றுக்கு ஒரு முட்டை விலை,
நல்ல திருகுமூடி என்றால் இரண்டு.

அறுப்பின் பண்டிகை வந்தது.
ஆராதனை முடிந்ததும் ஏலம்.
ஒற்றைத் தேங்காய் பதினோராயிரத்துக்குப் போனது.
எல்லாரும் கை தட்டினார்கள், நானும்.
அது தேங்காய்க்கு இல்லை, ஆலயக் கூரைக்கு, தெரியும்.
கணக்குப் போடாதே என்று மனதிடம் சொன்னேன்.
மனம் போட்டது:
பதினோராயிரம், வகுத்தல் முட்டை.

பிறகு போதகர் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்.
கர்த்தர் என்னை எடுத்துப் பயன்படுத்தினார் என்றேன்.
எல்லாருக்கும் பிடித்த வாக்கியம்.

சொல்லாமல் விட்டது:
மழைக்காலம், மாலை நாலரை.
முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி,
ஆறு மணி நேரம் நடந்து வந்தவள்.
கையில் சுரைக்குடுவை,
அதன் வாயில் சோளச் சக்கை அடைப்பு.
சிந்திவிடும் என்றேன். சட்டம் என்றேன்.
ஒட்டியிருந்த தாளைச் சுட்டிக்காட்டினேன்,
அவளுக்கு வாசிக்கத் தெரியாது.
என் மேசைக்கடியில்
நான் குடித்து முடித்த இரண்டு தண்ணீர் பாட்டில்கள்.
பார்த்தேன்.
குப்பை என்றுதான் பார்த்தேன்.

பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது:
சிகொண்டி, இரண்டு வயது, வழங்கவில்லை.
மறுநாள் இரண்டையும் கழுவி வைத்துக் காத்திருந்தேன்.
அவள் வரவில்லை.
வேறெங்கோ கிடைத்திருக்கும்.
கிடைத்திருக்கலாம்.

திங்கட்கிழமை ஷைலா பாய்
பழைய இரும்புக்காரனை நிறுத்தினாள்.
கிலோ எட்டு ரூபாய் என்றான்.
"மூடியக் கழத்திட்டுத் தாருங்க, அதுக்கு வெல இல்ல."

திருகத் தொடங்கினேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் கை நின்றது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு வாசல்பக்கம் திரும்பி,
"நீரு போவும், இன்னொரு நாளு பாப்போம்" என்றாள்.
தரையில் உருண்டு போன மூடியை
எடுத்து, என்னிடம் கேட்காமல்,
எந்தக் குப்பிக்கு என்று
ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தாள்.